மறியலில் ஓடிய பஸ்

குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில். யாராவது மைக்கோடு வந்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும். மணிக்கணக்காகத் தன்னை மறந்து உட்கார்ந்து வரைகிறீர்களே, இந்த ஒருமுகம் எங்கிருந்து வந்தது? கூச்சமே இல்லாமல் நானும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். சின்ன வயசு விளையாட்டிலிருந்து வந்தது, கலைஞன் என்பவன் விளையாட்டை விடாத குழந்தை, குழந்தை மனசு கள்ளம் அறியாதது, இத்யாதி. கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். எனக்கும் கொஞ்சம் கலங்கும். அந்தப் பதிலில் பாதி பொய். எந்தப் பாதி என்பதை ஒரு தடவையாவது எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

எங்கள் ஊர் சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற ரோட்டில் இருந்தது. நான் அப்போது ஒன்பது வயதுப் பெண். இட ஒதுக்கீடு கேட்டு ஜில்லா முழுக்க மறியல் நடந்த சமயம். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால், ஊர் எல்லையில் நின்ற பெரிய புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருந்தது. வெட்டியது யார் என்று ஊருக்கே தெரியும். எல்லோரும் எனக்குச் சித்தப்பா முறை, மாமா முறை. கேட்டால் காற்றில் சாய்ந்திருக்கும் என்றார்கள். அடிமரத்தில் கோடரித் தழும்போடு சாய்க்கிற காற்று அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் நிறையவே அடித்தது.

அப்பா நெடுஞ்சாலைத் துறையில் கேங்மேன். அந்த மரத்துக்குச் சுண்ணாம்பு பூசிக் கறுப்பில் நம்பர் போட்டதே அவர்தான். மேலே தகவல் சொன்னால் பங்காளிப் பகை. சொல்லாவிட்டால் வேலைக்கு ஆபத்து. போதாததற்கு, அவர்கள் கேட்ட ஒதுக்கீடு எனக்கும் சேர்த்துத்தான். அப்பா மரத்தைச் சுற்றி ஒருதரம் நடந்தார், வீட்டுக்கு வந்தார், காய்ச்சலில் படுத்தார். முந்தின நாளிலிருந்தே காய்ச்சல் என்று லீவு லெட்டரும் எழுதி வைத்துக்கொண்டார். பஸ் ஓடாததால் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் வழியில்லை. அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. அம்மா மிளகு ரசம் வைத்தாள்.

மரம் விழுவதற்கு முந்தின சாயங்காலம் வந்த கடைசி பஸ்ஸில், கள்ளக்குறிச்சியிலிருந்து ஓர் ஓவியர் வந்து இறங்கியிருந்தார். பள்ளிக்கூடச் சுவரில் இந்திய வரைபடம் வரைய ஹெட்மாஸ்டர் ஏற்பாடு செய்த ஆள். ஹெட்மாஸ்டர் சங்கராபுரத்தில் மாட்டிக்கொண்டார், ஓவியர் எங்கள் ஊரில் மாட்டிக்கொண்டார். பள்ளிக்கூட வராந்தாவில் படுக்கை. அரசாங்க உத்தியோகம் பார்க்கிற வீடு என்று எங்கள் வீட்டிலிருந்து சாப்பாடு போனது. பள்ளிக்கூடம் கிடையாது, பஸ் கிடையாது, கரும்பு லாரி கிடையாது. ஊருக்கு வேறு பொழுதுபோக்கு இல்லாததால் முதல் இரண்டு நாள் எல்லோரும் போய் ஓவியரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவரிடம் பார்க்கத் தகுந்தது வரைவதல்ல, வரையாமல் இருப்பதுதான். பிரஷ்ஷைத் தூக்கிப் பிடிப்பார். ஒரு கண்ணை மூடுவார். பின்னாலேயே நடந்து கொடிக்கம்பம் வரைக்கும் போவார். தலையை இந்தப் பக்கம் சாய்ப்பார், அந்தப் பக்கம் சாய்ப்பார். திரும்பி வந்து குஜராத்தில் ஒரு புள்ளி வைப்பார். யாராவது இருமினால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். "வேலையில உக்காந்துட்டா எனக்கு உலகமே தெரியாதுங்க. பசி கூடத் தெரியாது" என்று பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஆட்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. கருவாட்டுக் குழம்பு கொதித்தால் அவருக்கு நாலு வீடு தள்ளித் தெரிகிறது, ரசச்சோறு அனுப்பினால் முகம் மாறுகிறது, உலகம் தெரியாதவருக்கு இது எப்படித் தெரியும் என்று அடுப்படியில் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

எங்களுக்கு அவர் தேவைப்படவில்லை. எங்களுக்கு மரம் இருந்தது.

இரண்டாம் நாள் காலையிலேயே அது பஸ் ஆகிவிட்டது. அடிமரத்தில் டிரைவர் சீட். முறிந்த கிளையில் ஒரு சைக்கிள் டயரை மாட்டி ஸ்டீயரிங். பெரியப்பா மகன் டிரைவர், என்னைவிட ஒரு வயது பெரியவன். நான் கண்டக்டர். பூவரச இலையைச் சுருட்டின பீப்பிதான் விசில். டிக்கெட்டுக்குப் புளியங்கொழுந்து. இதில் ஒரு சிக்கல், பயணிகள் டிக்கெட்டை வாங்கின கையோடு தின்றுவிடுவார்கள். ஆகவே பாதி வழியில் செக்கிங் வைத்து, நாக்கை நீட்டச் சொல்லிப் புளிப்பு மோந்து பார்த்து அனுமதித்தேன். சங்கராபுரம், கள்ளக்குறிச்சி, ரிஷிவந்தியம் என்று போய்த் திரும்பி மலை ஏறுவோம். கரியாலூர் வளைவுகளில் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்வோம். டிரைவர் வாயாலேயே இன்ஜின் ஓட்டினான். மூன்றாம் நாள் தொண்டை கட்டி டீசல் பஸ்ஸின் நிஜக் குரலே அவனுக்கு வந்துவிட்டது.

தன்னை மறப்பது என்றால் அதுதான். மலைப்பாதையில் கியர் மாற்றிக்கொண்டிருந்தவனுக்கு ஒன்றுக்கு வந்தது. நடுவளைவில் நிறுத்தினால் வண்டி பின்னால் உருளும் என்பதால் அவன் இறங்கவில்லை. நனைந்த டிராயரோடு கரியாலூர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தான். நான் இரண்டு வேளை சாப்பாட்டுக்குப் போகவில்லை. முழங்காலில் பட்டை கிழித்து ரத்தம் வந்ததை அம்மா பார்த்துச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஓவியர் இதில் கால்வாசி செய்திருந்தால் ஊர் கும்பிட்டிருக்கும். எங்களுக்கு விளக்குமாற்றடி கிடைத்தது.

பேட்டிகளில் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வேன். இதுவரை சொன்னது நிஜப் பாதி.

என் வகுப்பில் படித்த ஒரு பெண் இருந்தாள். காலனிப் பெண். அவளுடைய அப்பா எங்கள் பெரியப்பா கொல்லையில் கரும்பு வெட்டுகிறவர், விறகும் பிளக்கிறவர். பஸ் விட்ட முதல் நாளே வந்து மைல் கல் பக்கத்தில் நின்றாள். பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி, ரோட்டைப் பார்த்து, கையில் ஒரு மஞ்சப் பையோடு. நான் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினேன். அவளை மேலும் கீழும் பார்த்தேன்.

"பஸ் ஃபுல்லு."

ஏழு பேர் உட்காரக்கூடிய பஸ்ஸில் நாலு பேர் இருந்தார்கள். டிரைவர் கியரைப் போட்டான். இப்படிச் சொல் என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பீப்பி ஊதக்கூட ஒருத்தர் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது, இது தானாகவே வந்தது.

அவள் போய்விடவில்லை. அடுத்த டிரிப்புக்கு நின்றாள். அதற்கடுத்த டிரிப்புக்கும் நின்றாள். வெயில் ஏற ஏற மஞ்சப் பையைத் தலையில் போட்டுக்கொண்டாள். பஸ் லேட் என்கிற மாதிரி வலது கையை நெற்றியில் வைத்து மலைப்பக்கம் பார்த்தாள். அந்த வாரம் எங்கள் ஊரில் இருந்த எல்லோரிலும், ஓவியரையும் சேர்த்துத்தான், அவளைப் போல ஒருத்தர் வேலையில் மூழ்கியதை நான் பார்க்கவில்லை. அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை அவள் வருகிற வழியில் பள்ளிக்கூடத்துப் பக்கம் போயிருக்கிறாள். ஓவியர் அன்று கடல்களுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். சுவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணா, வங்காள விரிகுடா அந்தாண்ட பக்கம்ல வரும்" என்றிருக்கிறாள். வேலை நேரத்தில் பேசாதே என்று அவர் பிரஷ்ஷை அவள் பக்கம் உதறினார். பாவாடையில் நீலப் புள்ளிகளோடு எங்களிடம் வந்து சேர்ந்தாள். நாங்கள் எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். வலதுபக்கம் அரபிக்கடல் என்று அழகாக, நிழல் வைத்து, எழுதியிருந்தது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. எங்களையும் அவர் துரத்தியிருந்தார்.

அன்றும் பஸ் ஃபுல்லுதான். அடுத்த வண்டியில் வா என்றேன்.

நாலாம் நாள் அவள் மைல் கல்லுக்கு வரவில்லை. ஒரு வேலிமுள் கொப்பை இழுத்துக்கொண்டு வந்து, எங்கள் பஸ்ஸுக்கு நேர் முன்னால் குறுக்கே போட்டாள். ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டியிருந்தாள். முள்ளுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

டிரைவர் பிரேக் அடித்தான். பயணிகள் முன்னால் சாய்ந்து விழுந்தார்கள். மரம் நகராது, முள்ளைச் சுற்றிப் போக எதிரே பத்தடி ரோடு காலியாக இருக்கிறது, இருந்தும் பஸ் நின்றுவிட்டது. மறியல் என்றால் பஸ் நிற்கும். அது எங்களுக்குத் தெரிந்த சட்டம். நான் இறங்கிப் போனேன்.

"இன்னாடி வேணும்?"

"எடம் வேணும்."

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததை எந்த மந்திரிசபையும் எங்களிடம் பாடம் கேட்டுக்கொள்ளலாம். முதலில் அவளைக் கவனிக்காத மாதிரி இருந்தோம். பிறகு பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்பினோம். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வரலாம் என்றோம். கடைசி சீட்டில் பாதி தரலாம் என்றோம். மலை ஏறும்போது மட்டும் ஏறிக்கொள்ளலாம், ஊருக்குள் வரும்போது இறங்கிவிட வேண்டும் என்று நானே ஒரு யோசனை சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மாட்டேன் என்றாள். என் சித்தப்பாக்கள் எதற்காக மரம் வெட்டினார்களோ அதை அந்தப் பெண் ஒரு முள்ளுக்கொப்போடு எங்களிடம் கேட்டாள். நாங்கள் அரசாங்கத்தைவிட மோசமாக நடந்துகொண்டோம்.

ஒரு மணி நேரம் பஸ் நின்றது. நிற்கிற பஸ்ஸில் இன்ஜின் சத்தம் போட்டுக்கொண்டிருக்க முடியாது. டிரைவருக்குப் பொறுக்கவில்லை.

"கண்டக்டரா வேணா வர்றியா?" என்று என்னைக் கேட்காமலே கேட்டுவிட்டான்.

அவள் முள்ளை இழுத்து ஓரமாகப் போட்டாள். என்னிடம் வந்து கையை நீட்டினாள். பயணிகள் எல்லோரும் பஸ் கிளம்பினால் போதும் என்று என்னைப் பார்த்தார்கள். பீப்பியைக் கொடுத்தேன்.

அவள் என்னைவிட நல்ல கண்டக்டர். கரும்பு வெட்டு இல்லாத மாசங்களில் அவளுடைய அம்மா மலைக்குமேல் கூலிக்குப் போகிறவள், கூடவே இவளும் போயிருக்கிறாள். மலைப்பாதையில் எந்த வளைவுக்கப்புறம் எந்த ஸ்டாப் என்று தெரியும். நான் நாலு ஊர் பெயரை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன், அவள் முப்பது சொன்னாள். குழந்தையைத் தூக்கிவைத்திருந்தவளுக்கு இடம் கொடுக்கச் சொன்னாள். மூட்டைக்குத் தனி டிக்கெட் கேட்டாள். நாக்கை நீட்டச் சொல்லும் செக்கிங்கை அசிங்கம் என்று எடுத்துவிட்டாள். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் கடைசி சீட்டில் ஓசிப் பயணியாக உட்கார்ந்து மரப்பட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் ஜீப் வந்தது. பின்னால் ஒரு லாரியில் ரம்பக்காரர்கள். ஜீப் சத்தம் தூரத்தில் கேட்டதுமே சித்தப்பாக்களும் மாமாக்களும் கரும்புக்குள் போய்விட்டார்கள். ஊரில் மிஞ்சிய ஆண்கள், காய்ச்சலில் அப்பா, ஒருமுகத்தில் ஓவியர். சப்-இன்ஸ்பெக்டர் முதலில் ஓவியரைத்தான் கேட்டார். வேலையில் உட்கார்ந்தால் தனக்கு உலகம் தெரியாது என்றார் ஓவியர். அந்த வாக்கியம் அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உதவியது என்றால் அன்றைக்குத்தான். சப்-இன்ஸ்பெக்டர் அவருடைய வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், மரத்துக்கு வந்தார்.

பஸ் மலைப்பாதையில் இருந்தது. டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மற்றவர்கள் வளைவுக்குச் சாய்ந்துகொண்டிருந்தார்கள். புதுக் கண்டக்டர் காக்கிச் சட்டையைப் பார்த்து, எந்த ஊர் என்று கேட்டாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்டவர் இல்லை என்றுதான் நினைக்கிறேன். நிறைய ஊர் சுற்றிவிட்டு வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"யாரும்மா ரோட்ட மறிச்சது?" என்று சிரித்துக்கொண்டே பொதுவாகக் கேட்டார்.

"இவதாங்க மறிச்சா" என்றேன்.

அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். அவள் பதறி, "அது பஸ்ஸதாங்க. முள்ளுதாங்க போட்டேன்" என்றாள். கூட வந்த போலீஸ்காரர் சிரிக்கவில்லை. யார் வீட்டுப் பெண் என்று அவளைக் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் அவளுடைய அப்பா பெயரைச் சொன்னேன். காலனியில் எத்தனையாவது வீடு என்றும் சொன்னேன். பெரியப்பா கொல்லையில் அவர் கோடரி எடுக்கிறவர் என்றும் சொன்னேன்.

மற்ற குழந்தைகள் எல்லாம் விளையாட்டில் இருந்தார்கள். நான் இல்லை. அதை எனக்குச் சௌகரியமாக மறந்துவிட எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன். தன்னை மறந்து, கள்ளமில்லாமல், குழந்தைத்தனமாக உளறிவிட்டேன் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். எனக்கு அந்த நிமிஷம் எல்லாம் தெரிந்திருந்தது. பீப்பி அவள் கையில் இருந்தது தெரிந்தது. என்ன சொன்னால் அவளுக்கு வலிக்கும் என்றும் தெரிந்தது.

அவள் பீப்பியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். எங்களை இறக்கிவிட்டு ரம்பம் போட்டார்கள். டிரைவர் ஸ்டீயரிங்கை விடமாட்டேன் என்று அழுதான், டயரோடு சேர்த்துத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் ரோடு ரோடாகிவிட்டது.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஹெட்மாஸ்டர் வந்தார். சுவரைப் பார்த்துவிட்டு வலதுபக்கக் கடலில் விரலை வைத்தார். தன்னை மறந்து வேலை செய்துவிட்டேன் சார் என்றார் ஓவியர். "தன்ன மறங்க, வேணாங்கல. கடல மறக்கலாமா?" என்றார் ஹெட்மாஸ்டர். ஊரே சிரித்தது. சிரிப்புச் சத்தம் அடங்குவதற்குள் எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் அந்தப் பெண்ணின் அம்மா வந்து நின்றாள். விசாரிக்க வேண்டும் என்று அவளுடைய வீட்டுக்காரரை விடியலிலேயே ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். எழுதிக்கொள்ள ஒரு பெயர் வேண்டியிருந்தது, ஒரு பெயர் கிடைத்தது. மரம் வெட்டினவர்கள் கேட்டதில் அந்த மனிதருக்கு ஒரு இலைகூடப் பங்கு கிடையாது. மறியல் நடந்த நாட்களில் காலனிக்காரர்கள் பயந்துகொண்டு வெளியில் வராமல் இருந்தார்கள்.

"உங்க வூட்டுப் பொண்ணுதான் பேரு சொன்னுச்சாம்" என்றாள். கத்தவில்லை. அழவும் இல்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கதவுக்குப் பின்னால் நகர்ந்தேன். அம்மா நேரே உள்ளே போய், போர்த்திப் படுத்திருந்த அப்பாவின் பக்கத்தில் நின்றாள்.

"இன்னா, காய்ச்சல் இன்னும் எறங்கலியா?"

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஸ்டேஷனில் நடந்ததைத் திரும்பி வந்து அவர் அம்மாவிடம் சொன்னபோது கேட்டேன். அந்த ஆள் மரம் விழுந்த அன்று விடிகாலையில் எங்கள் அண்ணன் கொல்லையில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார், என் கண்ணால் பார்த்தேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். முந்தின நாளிலிருந்து காய்ச்சலில் படுத்திருந்ததாக ஜீப்பில் வந்தவர்களிடம் நீ கொடுத்த லெட்டர் இருக்கிறதே, எப்படிப் பார்த்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். காய்ச்சல் பொய் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அப்படியானால் மரம் வெட்டினவர்களையும் பார்த்திருப்பாயே என்று அடுத்த கேள்வி. இருட்டாக இருந்தது என்றார் அப்பா. இருட்டில் இவன் மட்டும் எப்படித் தெரிந்தான்?

"அவன் கையில லாந்தர் இருந்துச்சுங்க."

சப்-இன்ஸ்பெக்டருக்கு மறுபடியும் சிரிப்பு வந்ததாம். பொழுது சாய்வதற்குள் ஆளை விட்டுவிட்டார்கள். நாள் முழுக்க ஸ்டேஷன் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தார், அடிக்கவில்லை என்று அப்பா சொன்னார். அடிக்கவில்லை என்பதைப் பெரிய செய்தியாகச் சொன்னார். அப்பாவுக்கு ஆபீசிலிருந்து மெமோ வந்தது. சித்தப்பாக்கள் ஆறு மாசம் எங்களோடு பேசவில்லை. இத்தனைக்கும் அப்பா அவர்கள் பெயரை வாயாலேயே சொல்லவில்லை. நல்ல பிள்ளையாகக் காய்ச்சலிலேயே கிடந்திருக்கலாம் என்பது அவர்கள் கட்சி.

மறுநாள் அம்மா என் கையைப் பிடித்துக் காலனிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதற்கு முன்னால் நான் அந்தப் பக்கம் போனதில்லை, அம்மாவும் போனதில்லை. எந்த வீடு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. எத்தனையாவது வீடு என்று நான்தான் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேனே.

அவள் வாசலில் உட்கார்ந்து தனியாகக் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தாள். ஐந்து கூழாங்கல். ஒன்றை மேலே போட்டு, கீழே கிடப்பதை அள்ளி, விழுகிறதைப் பிடிக்கிற ஆட்டம். எங்கள் நிழல் அவள் மேல் விழுந்தது. நிமிரவில்லை. அவளுடைய அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, எங்களை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சொல்லுடி என்று அம்மா என் தோளில் இடித்தாள். நான் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒன்றான் முடித்தாள். இரண்டான் முடித்தாள். மூன்றான், நாலான் என்று ஒரு கல்கூடத் தவறாமல் ஆடினாள். எல்லாம் முடிந்ததும் கற்களைப் பரப்பி மறுபடியும் ஒன்றானிலிருந்து ஆரம்பித்தாள். ஆட்டத்தில் மூழ்கினவர்கள் யாரும் அவ்வளவு சுத்தமாக ஆடமாட்டார்கள். மூழ்கினவர்களுக்கு நடுவில் ஒரு கல்லாவது தவறும்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அம்மா, "வா போலாம், அவளுக்கு வேல இருக்குது" என்றாள்.